வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆபிஸ்? கிராக், 600 ரூபா கீ எல்லாம் பாத்துட்டு கடைசில லிப்ரே ஆபிஸ்

முதல்ல எங்க வீட்டு நிலைமைய சொல்லிடறேன். ஹால்ல ஒரு பழைய டெஸ்க்டாப், ஐ3, 4 ஜிபி ரேம், போன வருஷம் எஸ்எஸ்டி மட்டும் மாத்துனோம், அதோட உயிர் வந்துச்சு. அந்த ஒத்த மெஷின்ல நாலு பேர் உக்காருவோம். நான் சாயங்காலம் வீட்டுல டியூஷன் எடுக்கறேன், கணக்கும் சயின்ஸும், வாரத்துக்கு ரெண்டு மூணு கொஸ்டின் பேப்பர் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் அடிச்சாகணும். எங்க வீட்டுக்காரர் திருச்சில சின்னதா ஒரு ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார், மாசம் பொறந்தா ஆடிட்டருக்கு பில் லிஸ்ட் போகணும். பொண்ணு ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்திருக்கா. மாமனார் ரிட்டயர் ஆகி எங்க நகர் நலச்சங்கத்துக்கு செயலாளர் ஆகிட்டார், அதனால மினிட்ஸ், நோட்டீஸ், கார்ப்பரேஷனுக்கு மனுன்னு வாரம் பூரா எழுத்து வேலை. இந்த நாலு பேருக்கும் ஒரே சாப்ட்வேர் ஒத்து வரணும், காசும் போகக் கூடாது. இதான் கணக்கு.

மெஷின் அசெம்பிள் பண்ண அப்பவே கடைக்கார தம்பி "எல்லாம் போட்டே தரேன்க்கா"ன்னு சொல்லி மைக்ரோசாப்ட் ஆபிஸும் (வேர்டு, எக்ஸல் எல்லாம் சேந்தது) போட்டுக் குடுத்தாரு. எல்லாம்னா என்னன்னு அப்ப நாங்க கேக்கல, அவரும் சொல்லல. அது கிராக், அதாவது காசு கட்டாம பூட்ட உடைச்சு ஓட்டற திருட்டு காப்பி. அந்த கிராக் ஓடறதுக்காக ஆன்டிவைரஸையும் ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது, பிரவுசர் தொறந்தா சம்பந்தமே இல்லாத பக்கமா தொறக்க ஆரம்பிச்ச அப்புறம். கிராக் ஃபைல் பண்றதே இன்னொருத்தர் சாப்ட்வேரோட பூட்ட உடைக்கற வேலைதானே, அவன் நம்ம வீட்டு பூட்ட மட்டும் மதிப்பானா. நெட் பேங்கிங் பண்ற மெஷின் வேற. அன்னைக்கே ஃபார்மட் அடிச்சாச்சு.

அடுத்து நான் பண்ணது அதவிட முட்டாள்தனம். ஆன்லைன்ல 600 ரூபாய்க்கு ஆபிஸ ஆக்டிவேட் பண்ற லைஃப்டைம் கீன்னு ஒருத்தர் வித்துட்டு இருந்தார், வாங்கிட்டேன். நாலு மாசம் நல்லா ஓடுச்சு. அஞ்சாவது மாசம் மேல ஒரு பட்டை வந்து லைசென்ஸ் செல்லாதுன்னுடுச்சு, வித்தவருக்கு மெசேஜ் போட்டா ஒத்த டிக்கோட நிக்குது இன்னைக்கு வரைக்கும். அப்புறம் விசாரிச்சப்பதான் விஷயம் புரிஞ்சது. இந்த மாதிரி கீல நிறைய பெரிய கம்பெனிக்கோ காலேஜுக்கோ மொத்தமா குடுத்த வால்யூம் லைசென்ஸ்ல இருந்து உருவினதாத்தான் இருக்கும், ஒரே கீய நூறு பேருக்கு விப்பாங்க, கண்டுபிடிச்சா கீய பிளாக் பண்ணிடுவாங்க, காசு குடுத்த நாமதான் நடுத்தெருவுல. ஒரிஜினலோட விலைய ஒரு தடவை பாத்திருந்தா 600 ரூபாய்க்கு எப்படி தர முடியும்னு எனக்கே தோணியிருக்கணும். தோணல, ஆசை.

ஒரிஜினல் வாங்கறதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு மைக்ரோசாப்ட் 365, வருஷா வருஷம் கட்டணும், ஃபேமிலி பிளான்னா 6 பேர் வரைக்கும் சேத்துக்கலாம், ஆளுக்கு 1 டிபி இடம். அண்ணன் தம்பி குடும்பமா சேந்து பங்கு போட்டு கட்டறவங்களுக்கு இது நியாயமான பேரம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். இன்னொண்ணு ஒரே தடவை காசு கட்டி வாங்கற ஆபிஸ் ஹோம் 2024. ஒரு மெஷினுக்கு மட்டும், வேர்டு எக்ஸல் பவர்பாயிண்ட் ஒன்நோட் இருக்கும், அவுட்லுக் கிடையாது, அப்டேட் 2029 அக்டோபர் வரைக்கும். பழைய 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, யாராவது அத சீப்பா தரேன்னு வந்தா வேணாம்னுடுங்க. புதுசா லேப்டாப் வாங்கறவங்க ஒண்ணு கவனிங்க, பெட்டி மேல ஆபிஸ் சேத்துதான்னு எழுதியிருந்தா உங்க காசுலயே அது வந்திருக்கு, வாங்கின கையோட உங்க சொந்த மெயில் ஐடில ஆக்டிவேட் பண்ணிடுங்க, கடைக்காரர் ஐடில இல்ல. எங்களுது பழைய டெஸ்க்டாப், அந்த மெஷினோட இன்னைய விலைக்கே சாப்ட்வேர் வாங்கற மாதிரி ஆகும், அதனால விட்டாச்சு.

திருப்பம் வந்தது பொண்ணோட புக்ல இருந்து. நம்ம தமிழ்நாடு ப்ளஸ் ஒன் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புக்க தொறந்து பாத்தீங்களா, அதுல வேர்டு எக்ஸல் இல்லவே இல்ல, ஓபன் ஆபிஸ் ரைட்டர் (வேர்டு மாதிரி), கால்க் (எக்ஸல் மாதிரி), இம்ப்ரெஸ் (பவர்பாயிண்ட் மாதிரி)னுதான் பாடமே. "அம்மா ப்ராக்டிகலுக்கு இதுதான் வேணும்"னா. நாங்க இல்லாத ஒண்ணுக்கு 600 ரூபா அழுதுட்டு இருந்தப்ப புக்ல இலவசமா ஒண்ணு உக்காந்திருக்கு!

சரின்னு ஓபன் ஆபிஸையே இறக்கினேன். பாடத்துக்கு அது ஓகே. ஆனா நிஜ வேலைக்கு ஆகாது, ஏன்னா வேர்டோட டாக்எக்ஸ் ஃபைல தொறக்கும், டாக்எக்ஸா சேவ் பண்ணாது. இந்த காலத்துல வேர்டு ஃபைல் அனுப்ப முடியலைன்னா என்ன பிரயோஜனம். அதுக்கு காரணம் கொஞ்சம் பழைய கதை. ஸ்டார் ஆபிஸ்னு ஒரு ஜெர்மன் கம்பெனி பண்ணத 1999ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனி வாங்கி, அடுத்த வருஷம் அதோட சோர்ஸ் கோட (சாப்ட்வேரோட மூல நிரல) எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க, அதான் ஓபன் ஆபிஸ். 2010ல சன்ன ஆரக்கிள் வாங்கிடுச்சு, அதுல நம்பிக்கை இல்லாம நிறைய ஆளுங்க பிரிஞ்சு போய் அதே வருஷம் செப்டம்பர்ல லிப்ரே ஆபிஸ்னு தனியா குடித்தனம் போட்டாங்க. பாகம் பிரிஞ்ச குடும்பம் மாதிரிதான், பேரு பெரியவர்கிட்ட இருந்துடுச்சு, உழைக்கற கை எல்லாம் சின்னவர் பக்கம் போயிடுச்சு. ஓபன் ஆபிஸ் அப்பாச்சிங்கற இலவச சாப்ட்வேர் அமைப்பு கைக்கு போய் 2014ல வந்த 4.1லயே நின்னு சின்ன சின்ன ஒட்டு வேலை மட்டும் நடக்குது. லிப்ரே ஆபிஸுக்கு வருஷத்துக்கு ரெண்டு புது வெர்ஷன். மெனு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், புக்ல ஓபன் ஆபிஸ்னு இருக்கற எடத்துல எல்லாம் எம் பொண்ணு லிப்ரேலதான் போட்டுப் பாக்கறா, ஒரு சிரமமும் இல்ல.

இறக்கும்போது ஒரு விஷயம். விண்டோஸ்ல இருக்கற மைக்ரோசாப்ட் ஸ்டோர்ல தேடினா காசு கேக்கும். அது ஏமாத்து இல்ல, லிப்ரே ஆபிஸ நடத்தற அமைப்பே அங்க ஒரு சின்ன தொகைக்கு வெச்சிருக்கு, நன்கொடை மாதிரி. அதே சாப்ட்வேர் லிப்ரேஆபிஸ் டாட் ஆர்க் போனா இலவசம். கிட்டத்தட்ட 350 எம்பி. இன்னும் விண்டோஸ் 7, 8 ஓட்டறவங்க 25.8 வெர்ஷனுக்கு போகாதீங்க, அதுல அந்த பழைய விண்டோஸுக்கு சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, அதுக்கு முந்தின வெர்ஷன் போட்டுக்கணும்.

போட்டதும் முதல் பார்வைக்கு ரொம்ப பழசா தெரியும், 2003 வேர்டு மாதிரி, பொண்ணு பாத்துட்டு ஐயேன்னா. வியூ மெனுல யூசர் இன்டர்ஃபேஸ் போய் டேப்டுன்னு மாத்துங்க, ஓரளவு இப்ப இருக்கற வேர்டு சாயல் வந்துடும். அடுத்து செய்ய வேண்டிய முக்கியமான ஒண்ணு, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல்னு போய் எப்பவும் வேர்டு ஃபார்மட்லயே சேவ் பண்ணுன்னு செட் பண்றது. இத பண்ணலைன்னா எல்லாம் ஓடிடின்னு (ODT, லிப்ரேயோட வழக்கமான ஃபார்மட்) சேவ் ஆகும். ஓடிடி நல்ல ஃபார்மட்தான், ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு, ஆனா நீங்க அத ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப் பண்ணா அந்த அண்ணன் போன்லயே "என்னங்க இது ஓப்பனே ஆகல"ம்பார். பிரின்ட் எடுக்க அனுப்பறதா இருந்தா எதுவா இருந்தாலும் பிடிஎஃபா அனுப்பிடுங்க, மேல பார்லயே அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. இதுல ஒரு ரகசிய வசதி, ஹைப்ரிட் பிடிஎஃப்னு ஒரு டிக் இருக்கு, அத போட்டா அந்த பிடிஎஃப்குள்ளயே ஒரிஜினல் ஃபைலும் ஒளிஞ்சு உக்காந்திருக்கும், பாக்கறவங்களுக்கு பிடிஎஃப், நம்ம லிப்ரேல தொறந்தா எடிட் பண்ணலாம். போன வருஷ கொஸ்டின் பேப்பர எல்லாம் நான் இப்படித்தான் வெச்சிருக்கேன்.

இப்ப தமிழ். இதுதான் எனக்கு முக்கியம், இதப்பத்தி யாரும் சரியா எழுதவும் மாட்டேங்கறாங்க. லிப்ரேல தமிழுக்கு ஃபாண்ட் தனியா, இங்கிலீஷுக்கு தனியா. தமிழ், ஹிந்தி, அரபி மாதிரி எழுத்த எல்லாம் அது சிடிஎல்னு ஒரு தனி பிரிவுல வெச்சிருக்கு. இது தெரியாம நான் மூணு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன், இங்கிலீஷுக்கு ஒரு ஃபாண்ட் செட் பண்ணி வெச்சா தமிழ் அடிக்கும்போது அது வேற முகத்தோட வந்து நிக்குது. விடை என்னன்னா ஆப்ஷன்ஸ்ல லாங்குவேஜ் பகுதில சிடிஎல்லுக்கு தமிழ்னு செலக்ட் பண்ணிட்டு, ரைட்டர் பகுதில பேசிக் ஃபாண்ட்ஸ் சிடிஎல்னு ஒண்ணு வரும் பாருங்க, அதுல நிர்மலாவோ லதாவோ உங்களுக்கு புடிச்சத போட்டு சைஸும் குடுத்துடுங்க. ஒரே தடவைதான். அதுக்கப்புறம் ஒரே வரில தமிழும் இங்கிலீஷும் மாத்தி மாத்தி அடிச்சாலும் அதது அதோட ஃபாண்ட்ல வந்து உக்காரும், கேள்வித்தாள் அடிக்கறவங்களுக்கு இது வரம். அடிக்கறதுக்கு நான் தமிழ் 99 கீபோர்டு, அது விண்டோஸ்லயே இருக்கு. அழகி, என்எச்எம் ரைட்டர்னு தமிழ் டைப்பிங் சாப்ட்வேர்ல பழகினவங்க அதையே வெச்சுக்கலாம்.

மாமா கேஸ் வேற. அவர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவர், பாமினி ஃபாண்ட்ல பத்து வருஷ ஃபைல் வெச்சிருக்கார். அத ஃபார்மட் அடிச்ச மெஷின்ல தொறந்தா எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கல். "ஏம்மா, இந்த இலவச சாப்ட்வேர் என் ஃபைல கெடுத்துடுச்சு"ன்னு ஒரே கோவம். சாப்ட்வேர் கெடுக்கல மாமா, அது உள்ள எப்பவுமே இங்கிலீஷ் எழுத்துதான்னு உக்கார வெச்சு காட்டினேன். பாமினில தமிழ்ங்கற வார்த்தை உள்ளுக்குள்ள ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்ளோதான், அது மேல தமிழ் படம் போட்ட ஃபாண்ட் சட்டைய மாட்டி விட்டிருக்காங்க, சட்டைய கழட்டினா தெரிஞ்சிடும். வேர்டா இருந்தாலும் இதே கதிதான். பாமினி ஃபாண்ட அந்த மெஷின்லயும் போடலாம், இல்ல கன்வர்ட்டர்ல விட்டு யூனிகோடா (நிஜ தமிழ் எழுத்தாவே சேவ் ஆகற முறை) மாத்தலாம். நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து முக்கியமான நாப்பது ஃபைல மட்டும் மாத்தினோம், மீதி அப்படியே கெடக்கு.

கணக்கு டீச்சருங்க யாராவது இத படிச்சா, ஃபார்முலா அடிக்கற விஷயத்துல லிப்ரேய நான் வேர்டவிட ஒரு படி மேலதான் சொல்லுவேன். இன்சர்ட் ஃபார்முலா குடுத்தா கீழ ஒரு பெட்டி வரும், அதுல 3 ஓவர் 4ன்னு இங்கிலீஷ்ல அடிச்சா மேல பின்னமா நிக்கும். வர்க்கமூலம், அடுக்கு எல்லாத்துக்கும் இதே மாதிரி குட்டி வார்த்தை, கை கீபோர்ட விட்டு எடுக்கவே வேணாம். மவுஸால ஒவ்வொரு கட்டமா தட்டிட்டு இருந்த எனக்கு ஒரு பேப்பருக்கு அரை மணி நேரம் மிச்சம்.

கால்க்ல எங்க வீட்டுக்காரர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, லட்சத்துக்கு கமா சரியா வரணும். 100,000ன்னு வந்தா அவருக்கு படிக்கவே வராது. செல் ஃபார்மட்ல கோட் பெட்டில #,##,##0 அப்படின்னு அடிச்சா 1,00,000ன்னு நம்ம ஊர் கணக்குல வந்துடுது. எக்ஸ்லுக்கப் (பட்டியல்ல தேடி எடுக்கறது), ஃபில்டர், சார்ட் (வரிசைப்படுத்தறது) மாதிரி புது ஃபங்ஷன் எல்லாம் 2024 ஆகஸ்ட்ல வந்த 24.8ல சேத்துட்டாங்க, அதனால அதுக்கு முந்தின வெர்ஷன் வெச்சுட்டு எக்ஸ்லுக்கப் வரலன்னு திட்டாதீங்க.

எங்க இடிக்கும்னா மேக்ரோல, அதாவது ஃபைலுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கற தானா ஓடற குட்டி நிரல்ல. இன்கம்டாக்ஸ், ஜிஎஸ்டிக்கு எக்ஸல் யுடிலிட்டின்னு குடுக்கறாங்க பாருங்க, அது எக்ஸல்ல ஓடறதுக்குன்னே எழுதினது, லிப்ரேல அத நம்பி உக்காராதீங்க. எங்க ஆடிட்டர்கிட்ட நேராவே கேட்டுட்டோம், "நீங்க பில் லிஸ்ட் மட்டும் சாதா எக்ஸல் ஃபைலா அனுப்புங்க, யுடிலிட்டி எல்லாம் நான் பாத்துக்கறேன்"னுட்டார். நீங்களே அந்த எக்ஸல் யுடிலிட்டில ரிட்டர்ன் போடற ஆளுன்னா, எக்ஸல் உண்மையிலயே வேணும், இதுல சமாதானம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு ரெஸ்யூம் மாதிரி டிசைன் பண்ண ஃபைல். வேர்டுல ஒரே பக்கமா இருக்கறது லிப்ரேல தொறந்தா ரெண்டாவது பக்கத்துக்கு ரெண்டு வரி வழியும். எல்லாரும் சாப்ட்வேர் சரியில்லம்பாங்க, பாதி நேரம் ஃபாண்ட்தான் காரணம். 2007ல இருந்து வேர்டோட வழக்கமான ஃபாண்ட் கலிப்ரி, அதே அகலத்துல கார்லிட்டோன்னு ஒரு இலவச ஃபாண்ட லிப்ரே கூடவே தருது, அதனால பழைய ஃபைல் அவ்வளவா ஆடாது. இப்ப புது ஆபிஸ்ல ஆப்டோஸ்னு மாத்திட்டாங்க, அதுக்கு ஈடா லிப்ரேல எதுவும் வரல, அதான் வழியுது. எங்க நாத்தனார் பையனோட ரெஸ்யூம நான் இப்படி ஃபாண்ட் பாக்காம திருத்தி அனுப்பி, அவன் போன் நம்பர் தனியா அடுத்த பக்கத்துல போய் உக்காந்துச்சு. என் தப்பு. இப்ப அவனுக்கு மட்டும் வேற வழி, பிரவுசர்லயே வேர்டு இருக்கு இல்லையா, ஒரு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இருந்தா இலவசம், 5 ஜிபி இடம், அதுல தொறந்து கடைசியா ஒரு தடவை சரி பாத்துட்டு அனுப்பறான். நிறைய பேருக்கு இப்படி ஒண்ணு இலவசமா இருக்கறதே தெரியல. ஃபைல் வேர்டுலயே இருக்கணும்னு கட்டாயம் இருக்கறவங்க, மாசத்துக்கு ரெண்டு ஃபைல்தான்னா, இதுவே போதும், காசு கட்டாதீங்க.

மத்ததையும் போட்டுப் பாத்தேன், சுருக்கமா சொல்றேன். ஒன்லி ஆபிஸ் வேர்டு ஃபார்மட்டையே தாய்மொழியா வெச்சு பண்ணது, லாட்வியா நாட்டு கம்பெனி, பாக்க அச்சு அசல் வேர்டு, டேபிள் படம் எல்லாம் இடம் மாறாம நிக்குது, விளம்பரம் கிடையாது. நல்ல ரேம் இருக்கற லேப்டாப்னா லிப்ரேக்கு முன்னாடி இத பாருங்கன்னு கூட சொல்லுவேன், ஆனா பிரவுசர் இன்ஜின் மேல கட்டினது, எங்க 4 ஜிபிக்கு இது கூட குரோமும் தொறந்தா வண்டி மேடு ஏறற மாதிரி. டபிள்யூபிஎஸ் சீன கம்பெனி, லேசானது, போன்ல நிறைய பேர் வெச்சிருக்காங்க, இலவசத்துல விளம்பரமும் பிரீமியம் வாங்கு வாங்குன்னு தொல்லையும் உண்டு, புள்ளைங்க உக்கார்ற மெஷின்ல எனக்கு அது வேணாம்னு தோணுச்சு. ஃப்ரீ ஆபிஸ்னு ஜெர்மனில இருந்து ஒண்ணு, பழைய மெஷினுக்கு சுறுசுறுப்பா இருக்கு, ஆனா வெளிய யாரும் அத யூஸ் பண்ணி நான் பாக்கல, ஒரு டவுட்னா கேக்க ஆள் இல்ல.

கூகுள் டாக்ஸ் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மெயில், போட்டோ எல்லாம் சேத்து 15 ஜிபி, நெட் வேணும், குரோம்ல ஆஃப்லைன் செட் பண்ணி வெச்சா கரன்ட் போய் மோடம் அணைஞ்சாலும் லேப்டாப்ல அடிச்சுக்கலாம், எங்க டெஸ்க்டாப்புக்கு அந்த பாக்கியம் இல்ல, யுபிஎஸ் பத்து நிமிஷம்தான். பொண்ணும் அவ ஃபிரண்ட்ஸ் மூணு பேரும் ஒரே ப்ராஜெக்ட ஒரே நேரத்துல எழுதறாங்க, ஆளுக்கொரு கலர் கர்சர், யாரு சும்மா உக்காந்திருக்கான்னு தெரிஞ்சிடும். இந்த கூட்டு வேலைக்கு லிப்ரே பக்கத்துல கூட வராது.

ஆக இப்ப நாங்க லிப்ரே போட்டு மூணு மாசமாச்சு. நானும் பொண்ணும் அவரும் அதுலதான், ரெஸ்யூம் கிஸ்யூம் வந்தா பிரவுசர் வேர்டு, குரூப் வேலை கூகுள் டாக்ஸ். மொத்த செலவு சைபர், அந்த 600 தவிர.

மாமா மட்டும் கட்சி மாறிட்டார். டாக்ஸ்ல வாய்ஸ் டைப்பிங் தமிழ்ல இருக்குன்னு பேத்தி ஒரு நாள் காட்டி விட்டா, அதுல இருந்து டைப் அடிக்கறதே இல்ல, மைக்க பாத்து மினிட்ஸ் சொல்ல ஆரம்பிச்சுட்டார். வார்த்தை அழகா விழுது, ஆனா நிறுத்தக்குறி சொல்றது சில மொழிக்குத்தான் வேலை செய்யும், தமிழுக்கு இல்ல. ஸ்டெனோவுக்கு டிக்டேட் பண்ணி பழகின மனுஷன், சொன்னாலும் மறந்துடறார். போன வாரம் நோட்டீஸ் போர்டுல ஒட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை வாங்கிப் பாத்தது நல்லதாப் போச்சு. "குடிநீர் குழாய் உடைப்பு குறித்து மனு அளிக்கப்பட்டது முற்றுப்புள்ளி உறுப்பினர்கள் சந்தா பாக்கியை உடனே செலுத்தவும் முற்றுப்புள்ளி அடுத்த பாரா"ன்னு இருந்துச்சு.